சுருள மறுத்த முன்பாய்

என் புருஷன் ஃபஸ்லானிடம் ஒரு கேள்வி கேட்டால், பதில் வருவதற்குள் சோறு வடித்து இறக்கிவிடலாம். ஏழு வருஷம் கட்டாரில் இருந்துவிட்டு வந்த பிறகு அந்தக் குணம் இன்னும் கூடிவிட்டது. நான் நேர் மாறு. யோசிப்பதற்கு முன்பே வாயில் வந்துவிடும், வந்த பிறகுதான் இதை ஏன் சொன்னேன் என்று இருக்கும். இந்த இரண்டு பேரையும் ஒரு வீட்டுக்குள் விட்டால் என்ன நடக்குமோ அதுதான் நடந்தது. நடுவில் ஒரு படகுப் பாய் வந்து மாட்டிக்கொண்டது, அவ்வளவுதான்.

அந்தப் படகு எங்கள் பள்ளிவாசல்துறைக்கு வந்தது போன வருஷக் கடைசியில். நிஹால் மஹத்தயா, அதாவது நிஹால் ஐயா, என்று ஒரு கொழும்புச் சிங்களவர். சண்டை முடிந்த பிறகு கற்பிட்டிப் பக்கம் கரை முழுக்க ஹோட்டல் முளைத்ததே, அதில் ஒன்று அவருடையது. வருகிற வெள்ளைக்காரர்களை ஏற்றிக்கொண்டு உச்சமுனை வரைக்கும் பாயிலேயே போய் வரலாம் என்று எங்கிருந்தோ ஒரு பழைய பாய்ப்படகை வாங்கி எங்கள் படகுத்துறை ஜெட்டியில் கொண்டுவந்து கட்டினார். அதைக் கழுவ, காக்க, ஓட்ட ஆள் தேவைப்பட்டது. ஃபஸ்லான் வெளிநாடு போவதற்கு முன்பு கடலோரக் களப்பில் பாய் விரித்து வள்ளம் ஓடியவர். இரண்டு சொல் கதைத்து முடிப்பதற்குள் வேலை அவருக்கென்று ஆகிவிட்டது.

அன்றைக்கு நான் நன்றி சொல்லி இரண்டு ரக்அத் ஷுக்ர் தொழுதேன். ஏனென்றால் எங்கள் மகள் ஸும்றா தன் வாப்பாவைப் போனில் பார்த்தே வளர்ந்தவள். மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் எங்கள் எல்லோரையும் இயக்கக்காரர்கள் போகச் சொன்ன தொண்ணூறாம் ஆண்டில் நான் அவளைவிடச் சின்னப் பிள்ளை. போவது என்ற சொல்லே எனக்கு ஆகாது. ஆனால் பாருங்கள், என் வாயில் அதிகம் வருவதும் அந்தச் சொல்தான்.

வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற புத்தளத்து ஏஜென்சிக்காரன் ஃபஸ்லானை விட்டபாடில்லை. பழைய கம்பனி திரும்பவும் கேட்கிறது என்று கிழமை தவறாமல் போனில் கோல் எடுப்பான். இவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "பாப்போம்," என்பார். வேண்டாம் என்று ஒரு சொல் சொல்ல வாய் வராதா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"போறதெண்டா போங்க," என்பேன். "இஞ்ச யாரு ஒங்களப் புடிச்சுக் கட்டி வச்சிரிக்கிற?"

அவர் போனைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு ஜெட்டிப் பக்கம் நடந்துவிடுவார்.

படகுக்கு வருகிறேன். எங்கள் வள்ளங்களில் பாயை ஏற்றுவோம், வேலை முடிந்தால் இறக்கிச் சுற்றிக் கட்டுவோம். இந்தப் படகின் முன்பாயை அப்படி இறக்குவதே இல்லை. படகின் மூக்கிலிருந்து பாய்மரத்து உச்சிக்கு ஒரு கம்பி போகிறது. அந்தக் கம்பியைச் சுற்றி ஒரு நீளக் குழாய், குழாயில் பாயின் ஓரம் பிடித்திருக்கும். குழாயின் அடியில் ஓர் உருளை, அதில் கயிறு சுற்றியிருக்கும். பின்னால் உட்கார்ந்தபடி அந்தக் கயிற்றை இழுத்தால் உருளை சுற்றும், குழாய் சுற்றும், பாய் புற்பாய் மாதிரித் தன்பாட்டில் சுருண்டுகொள்ளும். விரிக்க வேண்டுமென்றால் பாயின் மூலைக் கயிற்றை இழுத்தால் போதும். உச்சியில் ஒரு சுழலி இருக்கிறது. அதன் மேல்பாதி, பாயை மேலே தூக்கிப் பிடிக்கிற ஏற்றுக்கயிற்றில் தொங்கி அசையாமல் நிற்க, கீழ்ப்பாதி மட்டும் பாயோடு சேர்ந்து சுற்ற வேண்டும்.

இதெல்லாம் தையற்காரி எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். அந்தப் பாயின் ஓரத்தில் வெயிலுக்குப் பிடிக்கிற நீலச் சீலை கிழிந்துபோயிருந்தது. சுருண்டு நிற்கும்போது வெயில் பாயில் படாமல் அந்தச் சீலைதான் வெளியே நின்று காக்கும். அதைப் புதிதாகத் தைக்க என்னிடம் கொடுத்தார்கள். பாய் வீட்டுக்குள் கொள்ளவில்லை. ஒரு முனை அலுமாரிக்கு மேல், மறு முனை குசினி வாசலில். நான் மெசினில் இருந்து மிதிக்க, ஃபஸ்லான் பாயைப் பிடித்துத் தள்ளித் தந்துகொண்டே இதெல்லாம் சொன்னார். ஏழு வருஷத்தில் போனில் கதைத்ததைவிட அந்தக் கொஞ்ச நாளில் அவர் கூடக் கதைத்தார். எனக்கு அந்தப் பாய் முடியவே கூடாது என்றிருந்தது.

பாய் முடிந்து ஏற்றிய அடுத்த நாள் காலையில் சிக்கியது.

பாதி விரிந்தது, பிறகு விரியவும் இல்லை, சுருளவும் இல்லை. என் அண்ணன் லாபிர் நானாவைக் கூப்பிட்டோம். சந்தியில் வள்ள எஞ்சின் திருத்துகிற கடை வைத்திருக்கிறார். பிறந்த நாளிலிருந்து எந்தச் சாமானைக் கண்டாலும் கிறீஸ் போட்டால் சரி என்பது அவருடைய முடிவு. உப்பளத்துப் பம்புகளைத் திருத்திப் பழகிய கை, உப்புக்கு எதிரி கிறீஸ்தான் என்று நம்புகிற கை.

உருளையைக் கொஞ்சம் பின்னுக்குச் சுற்றினார்கள், பாய் இளகி வந்தது. இறக்கினார்கள். உருளையைக் கழற்றிப் பார்த்தால் பெயரிங் முழுக்க உப்பும் மணலும்.

"இதுதான் ஆள்," என்றார் நானா. "பாத்தியா தங்கச்சி, களிமண் மாதிரி இரிக்கி."

நல்ல தண்ணீரில் கழுவி, அப்பு அப்பென்று கிறீஸ் அப்பி, மாட்டி, பாயை ஏற்றி, ஏற்றுக்கயிற்றை இறுக்கிக் கட்டி, இழுத்துப் பார்த்தார்கள். ஒரு விரலால் இழுக்கிற மாதிரிச் சுருண்டது. நானாவுக்குப் பிளேன்டீயும் பாணும் கொடுத்து, மாஷா அல்லாஹ் சொல்லி அனுப்பினோம்.

அடுத்த நாள் காலையில் திரும்பவும் சிக்கியது.

நானா வந்தார். இந்த முறை கிறீஸ்தான் குற்றவாளி. "கூடிப் போச்சு. மணலப் புடிச்சு வச்சிக்கிட்டிரிக்கி." எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்தார். ஏற்றினார்கள், இறுக்கினார்கள், அருமையாகச் சுருண்டது. விடிந்தால் சிக்கல்.

பிறகு உருளையில் கயிறு ஒன்றுக்கு மேல் ஒன்று ஏறி நசுங்குகிறது என்றார். அவிழ்த்து ஒழுங்காகச் சுற்றினார்கள். பின்னேரம் நல்லா இருந்தது, காலையில் சிக்கியது. குழாய்ப் பொருத்தில் ஓர் ஆணி இளகியிருக்கிறது என்றார். முறுக்கினார்கள். பின்னேரம் சரி, காலையில் பிழை. நானாவுக்குக் கண் சிவந்துவிட்டது.

"பகல்ல வேல செய்யுது, ராவைக்குப் பழுதாகுது. எந்தச் சாமான் இப்பிடிச் செய்யும்?" என்று ஜெட்டியில் குந்திக்கொண்டு கேட்டார். "எஞ்சின் எண்டா இப்பிடிச் செய்யாது. பழுதெண்டா பழுது, நல்லமெண்டா நல்லம். இது மனுசன் மாதிரியெல்லோ நடக்குது."

ஜெட்டியில் இருந்தவர்கள் கண்ணூறு என்றார்கள். ஓதிப் பார்க்கச் சொன்னார்கள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. கழுவினால் சிக்குகிறது, கழுவாவிட்டாலும் சிக்குகிறது. கிறீஸ் போட்டாலும் அதே, போடாவிட்டாலும் அதே. நான் தைத்த சீலைதான் தடிப்போ என்று எனக்கே சந்தேகம் வந்து, தையலைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஃபஸ்லான் மட்டும் எதுவும் சொல்லாமல் சிக்கை எடுப்பார், இறக்குவார், ஏற்றுவார். அந்தப் பொறுமை எனக்குப் பொறுக்கவில்லை.

அப்போதுதான் நிஹால் மஹத்தயாவின் செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை ஹோட்டல் பங்காளிகளைக் கூட்டிக்கொண்டு வருகிறாராம். அன்றைக்கும் பாய் சிக்கினால் படகை விற்றுவிடப் போகிறாராம்.

இதைச் சோறு தின்றுகொண்டே ஃபஸ்லான் சொன்னார். அடுத்த பிடியைப் பிசைந்துகொண்டே, "ஏஜென்சிக்காரனும் கோல் எடுத்தான்," என்றார்.

"பிறகென்ன," என்றேன். "படகு போகட்டும். நீங்களும் போங்க."

சொல்லிவிட்டுக் குசினிக்குள் போய் வெறும் சட்டியைக் கழுவினேன். படகு போனால் வேலை போகும், வேலை போனால் இந்த மனுசன் கட்டாருக்குப் போவார், பிறகு இன்னோர் ஏழு வருஷம். என் பிள்ளைக்குப் பதினைந்து வயதாகும்போது வந்து நிற்பார். அந்தப் பாய் சுருண்டால் எனக்குப் புருஷன் இருக்கிறார், சுருளாவிட்டால் இல்லை. எனக்கு விளங்கிய அளவு அதுதான்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்த பிறகு ஒரு கலியாண பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தேன். மெசின் கடகடவென்று நின்றது. துணியைத் திருப்பிப் பார்த்தால் அடியில் நூல் குருவிக்கூடு மாதிரிச் சிக்கிக் கிடக்கிறது. தையல் பழகுகிற பிள்ளைகள் இதைக் கண்டதும் கீழே இருக்கிற பொபினைக் கழற்றித் துடைத்து, எண்ணெய் விட்டு, திரும்ப மாட்டுவார்கள். திரும்பவும் சிக்கும். ஏனென்றால் பிழை கீழே இல்லை. மேல்நூல் இறுக்கத்தை விட்டு நழுவியிருக்கும். மேலே இளகினால் கீழே சிக்கும்.

நான் காலை மிதியிலிருந்து எடுத்தேன். லாபிர் நானாவும் எல்லோரும் இத்தனை நாளும் குனிந்து உருளையைத்தான் பார்த்தார்கள். ஒருவரும் அண்ணாந்து பார்க்கவில்லை. ஏற்றுக்கயிறு இளகினால் சுழலியின் மேல்பாதியும் பாயோடு சேர்ந்து சுற்றும், கயிறு குழாயில் போய்ச் சுற்றிக்கொள்ளும், எல்லாம் இறுகி நிற்கும். பின்னுக்குச் சுற்றினால் கயிறும் பிரிந்துவிடும், பார்க்கிறவனுக்கு ஒரு தடயமும் இருக்காது. சரி. ஆனால் ஏற்றுக்கயிற்றை ஒவ்வொரு பின்னேரமும் இறுக்கித்தானே கட்டுகிறார்கள். காலைக்குள் அது எப்படி இளகும்?

அந்தியில் மஃரிப் தொழுகைக்கு முன்பு சால்வையை எடுத்துப் போட்டுக்கொண்டு ஜெட்டிக்குப் போனேன். ஃபஸ்லான் படகில் தனியாக நின்றார். படகின் தளத்தைக் கழுவினார், கயிறுகளைச் சுருட்டி வைத்தார். பிறகு பாய்மரத்தடிக்குப் போய் ஏற்றுக்கயிற்றின் கட்டை அவிழ்த்து, ஒரு முழம் அளவு இளக்கி விட்டு, திரும்பக் கட்டினார்.

எனக்கு அது புதினமில்லை. எங்கள் பக்கத்தில் வள்ளத்தைக் கட்டிய எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். என் வாப்பாவும் செய்வார். கயிறு இரவுப் பனியில் நனைந்து சுருங்கும், இறுக்கமாக விட்டால் மரத்தை வளைத்துப் பிளந்துவிடும். அதனால் இளக்கி விட்டுத்தான் வீட்டுக்கு வருவது. காலையில் பாயைப் புதிதாக ஏற்றும்போது அது தானாக இறுகிவிடும். இந்தப் படகிலோ பாய் ஏறியபடியே நிற்கிறது. இளக்கியது இளக்கியபடியே இருக்கும். கயிறும் நைலோன், பனிக்குச் சுருங்காது.

முதலில் எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. பழக்கதோஷத்தில் தன் வேலைக்குத் தானே உலை வைக்கிறார் இந்த மனுசன், பாவம். வீட்டுக்கு வரட்டும், சொல்லிச் சிரிக்கலாம் என்று வந்துவிட்டேன். சோறு போடும்போது விளையாட்டாகத்தான் தொடங்கினேன்.

"பின்னேரம் படகுல ஏதும் தொட்டீங்களா?"

"இல்லியே."

"கயிறு கியிறு?"

"நான் என்னத்துக்குத் தொடப்போறேன் புள்ள. கறிய ஊத்து."

"ஏத்துக்கயிறு?"

அவர் தலையைத் தூக்கவில்லை. "அது இறுக்கினபடிதான் இரிக்கி," என்றார்.

என் சிரிப்பு அப்படியே செத்துப்போனது. கையால் இளக்கியதை என் கண்ணால் கண்டிருக்கிறேன், இளக்கவில்லை என்று முகத்துக்கு முன்னால் சொல்கிறார். பழக்கத்தில் செய்கிற ஆளுக்குப் பொய் எதற்கு? இவருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்கிறார். படகைப் பழுதாக்கி, விற்க வைத்து, வேலை போய்விட்டது நான் என்ன செய்ய என்று கையை விரித்துவிட்டுக் கட்டாருக்குப் போகப் போகிறார்.

அப்படித்தான் இருக்க வேண்டும். ஆனால் அந்த மனுசன் எழுந்து கை கழுவிவிட்டு, ஸும்றாவின் பள்ளிக்கூடச் சப்பாத்தை எடுத்துவைத்துப் பொலிஷ் தேய்த்துக்கொண்டிருந்தார். போகப் போகிற ஆள் பிள்ளையின் சப்பாத்தை இவ்வளவு நேரம் தேய்ப்பானா? ஒரு பக்கம் யோசித்தால் கள்ளன், மறுபக்கம் யோசித்தால் என் புருஷன். எந்தப் பக்கத்தை நம்புவதென்று தெரியாமல் மண்டை காய்ந்துபோனது. கேட்டிருக்கலாம். கேட்டால் ஓம், அப்படித்தான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயமாக இருந்தது. வாய்க்காரி வாய்க்காரி என்று ஊரெல்லாம் பெயர் எடுத்தவள், அந்த ஒரு கேள்வியைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை.

சனிக்கிழமை நானா கடைசியாக ஒருமுறை எல்லாவற்றையும் கழற்றிப் பூட்டினார். பின்னேரம் பாய் விரிந்தது, சுருண்டது. மஃரிபுக்கு முன்பு நான் ஜெட்டித் தலைப்பில் ஒதுங்கி நின்று பார்த்தேன். ஃபஸ்லான் கயிற்றை இளக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை விடியச் சுபஹ் தொழுத கையோடு அவர் ஐஸ் வாங்கக் கற்பிட்டிக்குப் போனார். நான் நேரே படகுக்குப் போய் ஏறினேன். பொம்பிளை படகில் ஏறுகிறாளே என்று பார்த்தவர்கள் பார்க்கட்டும். ஏற்றுக்கயிற்றை அவிழ்த்து, கயிறு இறுக்குகிற வின்சில் சுற்றி, கைப்பிடியைப் போட்டு என் பலம் இருந்த மட்டும் திருகினேன். ஒவ்வொரு திருகுக்கும் அந்த மனுசனை ஏசினேன். கயிறு தந்திக் கம்பி மாதிரி நின்ற பிறகு கட்டி, நுனியை இரண்டு தரம் உள்ளே செருகி முடித்தேன். எந்த நூலையும் நான் அப்படித்தான் முடிப்பேன்.

பத்து மணி போல மஹத்தயா வந்தார், கூடவே வெள்ளைச் சட்டைப் பங்காளிகள். நான் ஸும்றாவைக் கையில் பிடித்துக்கொண்டு ஜெட்டியில் நின்றேன். ஃபஸ்லான் முதலில் படகில் ஏறினார். பாய்மரத்தடிக்குப் போய்க் கயிற்றில் கை வைத்தார். வைத்தபடியே நின்றார். பிறகு திரும்பி ஜெட்டியில் நின்ற என்னைப் பார்த்தார். பிடிபட்ட கள்ளனுடைய முழி என்றுதான் எனக்குப் பட்டது. நானும் கண்ணை எடுக்காமல் பார்த்தேன்.

அவர் கயிற்றிலிருந்து கையை எடுத்தார். நானாவையும் மற்றவர்களையும் ஏற்றினார், படகை ஜெட்டியில் கட்டிய கயிற்றை அவிழ்த்தார், படகு களப்புக்குள் போனது.

முன்பாய் விரிந்தது. ஒரு சொட்டுத் தடங்கல் இல்லை. நான் தைத்த நீலச் சீலை ஓரத்தில் தெரிய, படகு சாய்ந்து உச்சமுனைப் பக்கம் ஓடியது. கண்ணுக்கு எட்டும் தூரத்திலேயே சுருண்டது, திரும்ப விரிந்தது, திரும்பச் சுருண்டது. லாபிர் நானா படகிலிருந்து கத்தியது கரைக்கே கேட்டது. எனக்குக் கண்ணீர் வந்துவிட்டது. என் புருஷனை நான் பிடித்து நிறுத்திவிட்டேன் என்று நினைத்தேன்.

படகு வந்து அணைந்ததும் நிஹால் மஹத்தயா ஜெட்டியில் குதித்து, எல்லோருக்கும் முன்னால் ஃபஸ்லானின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சிங்களத்தில் ஏதோ கேட்டார். ஃபஸ்லான் தலையாட்டினார். பிறகு மஹத்தயா என்னிடம் வந்தார்.

"தங்கச்சி, உங்கட மனுசன் தங்கமான மனுசன்," என்றார் உடைந்த தமிழில். "இனிப் பயம் இல்ல. ஏப்ரல் முடிய இங்க கடல் சரியில்லத்தானே, சோழகக் காத்து. படகு திருகோணமலை போகும், தெற்கால காலிப் பக்கம் சுத்தி. அங்கயும் எங்கட ஹோட்டல் இரிக்கி. ஒக்டோபர் திரும்பி வரும். ஒவ்வொரு வருஷமும் அப்பிடித்தான்."

"யாரு போற?" என்று கேட்டேன். கேட்கும்போதே விளங்கிவிட்டது.

"ஃபஸ்லான்தான். வேற யாரு?" அவர் சிரித்தார். "முதல் நாளே சொன்னேன். பாய் சரியா வேல செஞ்சா மட்டும்தான் கொண்டு போற எண்டு. அவர் உங்களுக்குச் சொல்ல இல்லையா?"

அவர்கள் எல்லோரும் வேனில் ஏறிப் போகும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். நானா ஸும்றாவைக் கூட்டிக்கொண்டு கடைப்பக்கம் போனார். ஃபஸ்லான் ஜெட்டிப் பலகையில் உட்கார்ந்து காலைத் தொங்கப்போட்டுக்கொண்டிருந்தார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"ஏன் சொல்லல்ல?"

"சொன்னா நீ போங்க எண்டு சொல்லுவாய்."

"கயிற எப்ப இருந்து தெரிஞ்சு இளக்கினீங்க?"

"முதல்ல எனக்கும் விளங்கல்ல. அது தானா இளக்குற கைதானே. மூணாந் தரம் சிக்கினப்ப அண்ணாந்து பாத்தேன். கயிறு குழாயில சுத்தியிருந்திச்சு. படகு பழுதா இருந்தா இஞ்சயே நிக்குமே எண்டு விட்டுட்டேன்."

"விக்கப்போறார் எண்டாரே. வித்தா வேல போகும், பிறகு கட்டாருக்குத்தானே போவீங்க?"

"கட்டாருக்கு யாரு போற? களப்புல இறாலுக்குப் போவேன். கஞ்சியோ கூழோ, ராவைக்கு வீட்ட வரலாந்தானே."

"ஏஜென்சிக்காரனுக்குப் பாப்போம் எண்டு சொன்னீங்களே."

"ஏலாது எண்டு சொன்னா அவன் மனசு நோகும்."

அல்லாஹ்வே, ஏஜென்சிக்காரனுடைய மனசு. எனக்குச் சிரிக்கவா அழவா என்று தெரியவில்லை. அவருக்குப் பக்கத்தில் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும்.

"இண்டைக்குக் காலையில நான் இறுக்கினது தெரியும்தானே," என்றேன். "நீங்க ஏறினதும் கண்டீங்க. அவங்க எல்லாரும் இன்னும் ஜெட்டியில நிண்டாங்க. இளக்கி உட்டிருக்கலாமே."

"நேரம் இருந்திச்சு," என்றார். "முடிச்சக் கண்டேன். ரெண்டு தரம் உள்ளுக்குச் செருகியிருந்திச்சு. வேற யாரு அப்பிடிக் கட்டுற?" இந்த முறை அவர் என் முகத்தைப் பார்த்தார். "திருகோணமலக் கத யாரோ ஒனக்குச் சொல்லிட்டாங்க எண்டு நெனச்சேன். தெரிஞ்சும் இறுக்கியிருக்காய் எண்டா, போகச் சொல்றாய் எண்டுதானே அர்த்தம். வாயால சொல்றத கையாலயும் சொல்லிட்டாய் எண்டு விட்டுட்டேன்."

"நான் போங்க எண்டு சொல்றது, போக வேணாம் எண்டு சொல்றதுதான் மனுசா," என்றேன். "அது ஸும்றாவுக்குக்கூட விளங்குமே."

"எனக்கு விளங்கல்ல," என்றார். உண்மையாகவே அவருக்கு விளங்கியிருக்கவில்லை. அந்த முகத்தில் பொய் இல்லை.

"சரி, இப்ப சொல்றேன். எனக்கு நீங்க வேணும். திருகோணமலயும் வேணாம், கட்டாரும் வேணாம். இப்பவே மஹத்தயாக்கு கோல் எடுத்து ஏலாது எண்டு சொல்லுங்க."

அவர் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தார். "வாக்குக் குடுத்திட்டேன் புள்ள. அத்தன பேருக்கு முன்னால கையப் புடிச்சு ஓம் எண்டிட்டேன்."

கொடுத்த வாக்கை மாற்றச் சொல்லி அவரிடம் கேட்க முடியாது. நான் கட்டிக்கொண்ட ஆள் அப்படிப்பட்டவர். அதற்காகத்தான் கட்டிக்கொண்டேன், இப்போது அதற்காகவே அவரை ஏசினேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் கடைசியில் போனார். இப்போது எங்கள் பக்கம் சோழகம் மணலை வாரி வீட்டுக்குள் எறிகிறது. மெசினைச் சீலை போட்டு மூடித்தான் வைக்கிறேன். ஒவ்வொரு நாளும் மஃரிப் முடிந்ததும் கோல் எடுப்பார். ஸும்றா கதைத்து முடித்துவிட்டு என்னிடம் தருவாள். நான் வேறு எதைக் கேட்டாலும் கடைசியில் பாயைப் பற்றித்தான் கேட்பேன். ஒரு தரமாவது சிக்கித் தொலையாதா, மஹத்தயா அலுத்துப்போய்ப் படகைத் திருப்பி அனுப்பமாட்டாரா என்று ஒரு நப்பாசை.

நேற்றும் கேட்டேன்.

"பாய் எப்பிடி?"

"நல்லாச் சுருளுது."

"ஒரு நாளும் சிக்கல்லயா?"

"இல்ல. அண்டையிலிருந்து ஏத்துக்கயித்த இளக்கவே இல்ல. பின்னேரத்துல கை தானா போகும். போய், நீ கட்டின முடிச்சுல தொட்டுட்டுத் திரும்பி வந்திடும். அவுக்க மனசு வரல்ல புள்ள."

"அவுத்து உட்டுட்டு வீட்ட வாங்க," என்றேன்.

ஒக்டோபருக்கு இன்னும் எவ்வளவு கிடக்கிறது என்று இரண்டு பேருக்கும் தெரியும். அவர் சரி என்றார்.